மதியச் சோறு யார் பொறுப்பு?

திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு போனதில்லை. உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ நூலில் தாம் படித்த பள்ளிக்கூடத்தின் ஒரு நாளைச் சொல்லியிருக்கிறார். விடியும் முன்பே போக வேண்டும். பழையது சாப்பிட ஒரு முறை வீட்டுக்கு விடுவார்கள். நடுப்பகலில் சாப்பாட்டுக்கு மறுபடி விடுவார்கள். பிற்பகலில் போனால் இருட்டும்வரை பாடம். பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் 1823-ல் சென்னை வருவாய் வாரியத்துக்கு அனுப்பிய அறிக்கையிலும் பள்ளி காலை 6 மணிக்கே கூடிவிடுகிறது; முதலில் வந்த பையனின் உள்ளங்கையில் சரஸ்வதி என்று எழுதுவார்கள், பிந்தி வருகிறவனுக்குப் பிரம்படி. நாள் முழுவதும் பள்ளிதான். ஆனால் பள்ளி இருந்தது அதே தெருவில் அல்லது அடுத்த தெருவில். அடுப்புக்கும் பிள்ளைக்கும் நடுவே கூப்பிடு தூரம்தான். அந்தப் பள்ளிகளுக்குள் பெண்களும் ஒடுக்கப்பட்ட சாதியாரும் பெரும்பாலும் நுழைய முடியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்; அங்கே போன பிள்ளைகள் வீட்டில் அடுப்பு எரிந்த பிள்ளைகள். கட்டுச்சோறு என்பது அன்று யாத்திரைக்காரருக்கும் வண்டிக்காரருக்கும் உரியது. இன்று காலை 6 மணிக்கு ஒரு தாய் மூன்று அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு ‘பிள்ளைக்குச் சத்தாக எதைக் கட்டுவது’ என்று திணறுவதைத் தொன்றுதொட்டு வந்த தாய்மைக் கடமை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதன் வயது நூற்று ஐம்பது ஆண்டுகூட இராது. பள்ளிக்கூடம் உண்டாக்கிய வேலை அது. அந்த வேலையைப் பள்ளிக்கூடமே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கான நியாயமும், அதைச் செய்துகாட்டிய அனுபவமும் தமிழ்நாட்டின் வரலாற்றிலேயே இருக்கின்றன.

மணியடித்துத் தொடங்கி மணியடித்து முடிகிற ஆங்கிலப் பாணிப் பள்ளி வந்தபோதுதான் சிக்கல் பிறந்தது. காலை 10 முதல் மாலை 4 வரை என்ற கணக்கு கச்சேரி உத்தியோகத்துக்கு ஏற்ற கணக்கு. உயர்நிலைப் பள்ளி பட்டணத்தில் இருந்தது, பையன்கள் சுற்றுக் கிராமங்களிலிருந்து நடந்து வந்தார்கள். நடுவில் கிடைத்த சிறு இடைவேளையில் வீட்டுக்குப் போய்த் திரும்ப வழியில்லை. அப்போதுதான் பள்ளிப் பையனின் கையில் தூக்குச் சட்டி ஏறியது. பாத்திரமும் லேசான விஷயமல்ல. பித்தளையிலும் செம்பிலும் ஈயம் பூசாவிட்டால் புளி பட்டதும் களிம்பேறும். பூசிய ஈயம் தேயத் தேய மறுபடி பூச ஆளைத் தேட வேண்டும். 1898-ல் சென்னைக் கலைத் தொழில் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியத்தில் பாத்திரம் அடிக்கும் சோதனையைத் தொடங்கினார். கனமில்லாத, விலை குறைந்த அந்த வெள்ளைப் பாத்திரம் பிறகு ஏழை வீடுகள்வரை பரவியது. அதையும் புளி அரிக்கத்தான் செய்தது. சுதந்திரத்துக்குப் பிறகு எவர்சில்வர் பரவியதும்தான் அந்தத் தொல்லை தீர்ந்தது. வசதியுள்ள வீடுகள் இதில் எதற்கும் கவலைப்படவில்லை. அங்கிருந்து ஆள் மூலம் அடுக்குப் பாத்திரத்தில் மதியம் சூடாகச் சாப்பாடு போனது. சட்டியும் இல்லாமல் ஆளும் இல்லாமல் வந்த பிள்ளைகள் மதியம் குழாயடியில் தண்ணீர் குடித்தார்கள். அதைவிடப் பெரிய கூட்டம் பள்ளிக்கே வரவில்லை.

சாப்பாட்டுச் சட்டிக்கு இன்னொரு பயனும் இருந்தது. எந்தக் கை சமைத்தது, எந்த நீரில் சமைத்தது என்ற கேள்வி எழாமல் ஒவ்வொரு பிள்ளையின் சோற்றையும் அது தனித்தனியே மூடி வைத்தது. ஒரே பெஞ்சில் உட்காரச் சம்மதித்த சமூகம், ஒரே பந்தியில் உட்கார அவ்வளவு எளிதில் சம்மதிக்கவில்லை. 1920களில் வ.வே.சு.ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலமே இதற்குச் சாட்சி. தேசியக் கல்வி தருவதற்காகப் பொதுமக்கள் பணத்திலும் காங்கிரஸ் பணத்திலும் எழுந்த நிறுவனம் அது. அங்கே பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனியே சாப்பாடு போடப்பட்டது வெளியே தெரிந்ததும், வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எழுப்பிய குரலில் தமிழ்நாட்டுக் காங்கிரஸே ஆடிப்போனது. பெற்றோர் கேட்டுக்கொண்டதால் இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் தந்த விதிவிலக்கு என்பது ஐயர் தரப்பு வாதம். அந்த வாதம் எடுபடவில்லை, எடுபடாததும் நியாயம்தான். பள்ளிச் சாப்பாடு எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது நம்மூரில் முதலில் ஓர் அரசியல் கோரிக்கையாக வந்தது. சத்துக் கணக்கெல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை.

ஏறக்குறைய அதே காலத்தில் சென்னையில் வேறொரு சோதனை நடந்துகொண்டிருந்தது. 1920 செப்டம்பர் 16 அன்று, பிட்டி தியாகராயர் தலைமையில் கூடிய சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம்விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானித்தது. ஏழைப் பிள்ளைகள் பசியால் பள்ளிக்கு வராமல் நின்றுவிடுகிறார்கள் என்பதே காரணம். பிறகு மேலும் 4 பள்ளிகளுக்கு அது விரிந்தது. அந்த 5 பள்ளிகளிலும் 1922-23-ல் 811 ஆக இருந்த பிள்ளைகளின் எண்ணிக்கை 1924-25-ல் 1,671 ஆனது. தொடக்கக் கல்வி நிதியைச் சிற்றுண்டிக்குச் செலவழிக்கக் கூடாது என்று அரசு மறுத்ததால் 1925 ஏப்ரலில் திட்டம் நின்றது. பின்னர் சுருங்கிய அளவில் திரும்பியது. அந்த மறுப்பில் இருக்கும் மனப்போக்கைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். கரும்பலகை கல்விச் செலவு, பெஞ்சு கல்விச் செலவு, வாத்தியார் சம்பளம் கல்விச் செலவு. அந்தப் பெஞ்சில் உட்காருகிற பிள்ளையின் வயிறு மட்டும் குடும்பச் செலவு. இன்றைய தனியார் பள்ளியின் கட்டண ரசீதை எடுத்துப் பார்த்தால், நூறாண்டுக்கு முன் அந்த மறுப்பை எழுதிய கை இன்னும் வேலை செய்வது தெரியும்.

1956-ல் முதலமைச்சர் காமராஜர் எட்டயபுரத்தில் தொடங்கிவைத்த மதிய உணவுத் திட்டம் ஊரார் கொடையில் நின்ற திட்டம். பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார். தானியமும் காசும் ஊரிலிருந்து வந்தன. பின்னர் அரசும் தன் பங்கைச் சேர்த்தது. 1960களில் கேர் நிறுவனத்தின் வழியாக அமெரிக்கக் கோதுமைக் குருணையும் பால் பவுடரும் எண்ணெயும் வந்து சேர்ந்தன. அந்த உப்புமாவின் வாடையை மறக்காத ஒரு தலைமுறை இன்னும் இருக்கிறது. இந்தத் திட்டத்தைப் பசிக்கு எதிரான திட்டம் என்றே நாம் பேசி வந்திருக்கிறோம். அது சரிதான், ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. விடிகாலையில் களையெடுக்கவும் நாற்று நடவும் மில்லுக்கும் போய்விட்ட தாயின் பிள்ளைக்கு மதியம் சோறு போட வீட்டில் ஆளில்லை. அவள் கூலி வாங்கி வந்து அடுப்பு மூட்டுவது சாயங்காலம்தான். வேலைக்குப் போகிற தாய் நடுத்தர வர்க்கத்துக்குத்தான் புதிது. கூலிக்காரக் குடும்பத்தில் தாய் என்றைக்கும் வேலைக்குப் போனவள்தான். ‘நேரமில்லாத பெற்றோர்’ என்ற பிரச்சினைக்குத் தமிழ்நாடு முதலில் தேடிய பதில் பள்ளியில் ஒரு அடுப்பு. நல்ல டிபன் பாக்ஸ் வாங்கச் சொல்லியோ சமையல் குறிப்பு எழுதியோ அந்தத் தாயை யாரும் அனுப்பிவிடவில்லை.

1982 ஜூலை 1 அன்று திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் அந்தப் பதிலை அரசாங்கத்தின் நிரந்தர வேலையாக ஆக்கியது. முதலில் கிராமங்கள், அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்கள், 1984-ல் 15 வயதுவரை என்று விரிந்தது. தொடங்கிய வேகத்திலேயே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பந்தியில் உட்கார்ந்தார்கள். ஓட்டுக்கான செலவு, மாநிலம் திவாலாகும் என்றெல்லாம் அன்று எழுதியவர்கள் பலர். மாநிலம் திவாலாகவில்லை. 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது, 1998-ல் வாரம் ஒன்றானது, 2010-ல் வாரத்துக்கு 5 ஆனது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, பிறகு 2013 முதல் கலவைச் சாதங்களும் மசாலா முட்டையும். 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், எல்லா மாநிலங்களும் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் சமைத்த உணவையே தர வேண்டும் என்று உத்தரவிட்டபோது, தமிழ்நாட்டில் அது கிட்டத்தட்ட இருபது ஆண்டுப் பழக்கம். 2022-ல் மதுரையில் காலை உணவும் தொடங்கியது. பலன் என்ன என்று கேட்பவர்களுக்கு 2021-ல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு ஒன்றைக் காட்டலாம். நாடு முழுவதற்குமான தகவல்களை வைத்து, பள்ளியில் மதிய உணவு கிடைத்த பெண்கள் பின்னாளில் பெற்ற பிள்ளைகளிடம் வயதுக்கேற்ற உயரமின்மை குறைவு என்று அது காட்டியது. ஒரு தலைமுறைக்குப் போட்ட சோறு அடுத்த தலைமுறையின் எலும்பில் தெரிகிறது.

சத்துணவு தொடங்கிய அதே 1980களின் தொடக்கத்தில்தான் மேகி நூடுல்ஸ் இந்தியக் கடைகளுக்கு வந்தது. ஒரு பக்கம் அரசுப் பள்ளியில் அண்டா ஏறியது. மறுபக்கம், நாளுக்கொன்றாய் முளைத்த மெட்ரிகுலேஷன் பள்ளிகளின் பிள்ளைகளுக்கு இரண்டு நிமிடத்தில் வேகும் உணவு தேவைப்பட்டது. அந்தப் பள்ளிகள் வேன் வைத்தன. வேன் ஊரைச் சுற்றிப் பிள்ளைகளை அள்ள வேண்டியிருந்ததால் 7 மணிக்கே தெருமுனைக்கு வந்தது. தாயும் அலுவலகம் போனாள். பாட்டி வேறு ஊரில். சத்துணவுத் திட்டம் பிள்ளையின் சோற்றை வீட்டிலிருந்து பள்ளிக்கு நகர்த்திய அதே ஆண்டுகளில், கட்டணம் கட்டும் குடும்பங்கள் அதை வீட்டுக்கே திருப்பி எடுத்துக்கொண்டன. எடுத்துக்கொண்டன என்பதைவிட, வீட்டுப் பெண்ணின் தலையில் விழுந்தது என்பதே சரி. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் கொடுக்கிறார்கள். அப்படி வேலை செய்யும் ஆண்கள் கொடுப்பது 97 நிமிடம். ‘பிஸியான பெற்றோருக்கான லஞ்ச் பாக்ஸ் குறிப்புகள்’ என்று ஒவ்வொரு ஜூன் மாதமும் வரும் கட்டுரைகளில் ‘பெற்றோர்’ என்பது மரியாதைப் பன்மை மட்டும்தான்.

சத்து விஷயத்துக்கு வருவோம். வீட்டுச் சாப்பாடுதான் ஆரோக்கியம் என்பது பொதுவான நம்பிக்கை, வீட்டில் சுடச்சுடச் சாப்பிடும்வரை அது உண்மையும்கூட. ஆனால் டப்பாவில் அடைத்த சோறு ஆறு மணி நேரம் காத்திருக்கும் சோறு. காலை 6.30-க்கு மூடி, மதியம் 12.30-க்குத் திறக்கிறோம், நடுவில் வேனின் சூடும் பையின் புழுக்கமும் உண்டு. அந்த ஆறு மணி நேரத்தை எது தாங்குமோ அதுதான் டப்பாவுக்குள் போக முடியும். யாத்திரைக்காரனுக்குக் கட்டுச்சோறு கட்டிய கைகள் இந்தச் சட்டத்தை நன்றாக அறிந்திருந்தன. சாதத்தைத் தாம்பாளத்தில் கொட்டி ஆறவிட்டு, பருக்கை உடையாமல் நல்லெண்ணெய் விட்டு, சுண்டக் காய்ச்சிய புளியைப் பிசிறினால் மறுநாளைக்கும் கெடாது. புளிப்பு கிருமியை அண்டவிடாது, எண்ணெய் காய்ந்துபோகாமல் காக்கும். தயிர்சாதத்துக்கு வேறு உத்தி. குழைய வடித்த சாதத்தைச் சூட்டோடு மசித்து, பாலை நிறைய ஊற்றி, ஆறிய பிறகு ஒரு கரண்டி தயிரை உறைமோராக விட்டால், டப்பாவுக்குள்ளேயே பால் உறைந்து, பிள்ளை திறக்கும் நேரத்துக்குப் புளிக்காத தயிர்சாதமாகியிருக்கும். அருமையான அறிவு, சந்தேகமில்லை. ஆனால் இந்த அறிவு முழுவதும் சோறு கெடாமலிருக்க வேண்டும் என்ற ஒரே குறிக்கோளுக்காக வளர்ந்தது. வளரும் பிள்ளைக்கு எது வேண்டும் என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. பருப்புக் குழம்பும் கீரை மசியலும் மதியத்துக்குள் ஊசிப்போகும், தேங்காய் போட்ட பொரியல் அதற்கும் முந்திக்கொள்ளும். அவித்த முட்டையை டப்பாவில் வைத்தால் வாடை வருகிறது என்று பக்கத்துப் பிள்ளை முகம் சுளிக்கும். அசைவமே கொண்டுவரக் கூடாது என்று சுற்றறிக்கை விடும் பள்ளிகளும் உண்டு. உணவியல் நிபுணர் எழுதித் தரும் பட்டியலில் பாதி டப்பாவுக்குள் போக முடியாத பட்டியல். மிஞ்சுவது எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும், தக்காளி சாதமும் சிப்ஸும், ரொட்டியும் ஜாமும். மாவும் எண்ணெயும் நிறைய, புரதம் கொஞ்சம். தாய் சோம்பேறி என்பதால் இப்படி ஆகவில்லை. டப்பாவின் இலக்கணம் அது.

சத்துணவுக் கூடத்தில் உலை ஏறுவது காலை 9 மணிக்கு மேல்தான். இறக்கிய சோறு சூடு ஆறுமுன்னே தட்டுக்கு வருகிறது. அதனால்தான் அங்கே சாம்பார் சாத்தியம், பயறு சாத்தியம், நாமக்கல்லிலிருந்து வரும் முட்டையை அன்றன்றைக்கு அவித்து உரித்துக் கையில் கொடுப்பது சாத்தியம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம். வாரத்துக்கு ஐந்து நாளும் அதைப் பெறும் அரசுப் பள்ளிப் பிள்ளையின் தட்டையும், மாதம் ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டும் பள்ளியில் திறக்கப்படும் டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பல நாள் தட்டே ஜெயிக்கும். சத்துணவிலும் சோறுதான் அதிகம், காய் போதாது, சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டிய நாட்களும் உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அவை கூடுதல் காசு ஒதுக்கியும் மேற்பார்வை வைத்தும் சரிசெய்யக்கூடிய குறைகள். ஆறு மணி நேர இடைவெளியை எந்தக் காசாலும் வீட்டிலிருந்து சரிசெய்ய முடியாது.

திட்டமிட்டால் எல்லாம் முடியும் என்பது முதல் மறுப்பு. ஞாயிற்றுக்கிழமையே மாவு அரைத்துவை, இரவே காய் நறுக்கிவை, சூடு தாங்கும் டப்பா வாங்கு என்கிறார்கள். மிக்ஸியும் கிரைண்டரும் குக்கரும் குளிர்பெட்டியும் வந்து வேலையைக் குறைத்திருப்பது உண்மை. கோயம்புத்தூர் கிரைண்டர் இல்லாத காலத்து ஆட்டுக்கல்லை நினைத்தால் கை இப்போதும் வலிக்கும். ஆனால் கருவி வந்த அதே வேகத்தில் எதிர்பார்ப்பும் ஏறியது. முன்பு ஒரு தயிர்சாதமும் ஊறுகாயும் போதும். இப்போது காலைச் சிற்றுண்டி ஒரு டப்பா, பதினொரு மணித் தீனி ஒரு டப்பா, மதியத்துக்கு ஒரு டப்பா, அதிலும் திங்களன்று கொடுத்தது புதனன்று வரக்கூடாது. மிச்சமான நேரம் முழுவதையும் மிச்சமில்லாமல் டப்பாவே தின்றுவிட்டது. இரவே நறுக்கிவைப்பது வேலையைக் குறைப்பதில்லை, காலை வேலையை இரவுக்குத் தள்ளுகிறது. அதை நறுக்குபவரும் அதே ஆள்தான். ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள் என்றால், 40 வீட்டில் 40 அடுப்பு, 40 பேர் தூக்கத்தில் தலா ஒரு மணி நேரம். அதே 40 பேருக்கும் ஒரு சமையலரும் ஓர் உதவியாளரும் சம்பளம் வாங்கிக்கொண்டு சமைத்துவிடலாம்.

இரண்டாவது மறுப்பு பாதுகாப்பு. இதைத் தட்டிக்கழிக்க முடியாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில், தனியார் நிர்வாகத்தில் இருந்த ஒரு பள்ளியின் சத்துணவு அடுப்பில் பிடித்த தீ கூரைக்குப் பாய்ந்து 94 பிள்ளைகள் இறந்தார்கள். சரியாக 9 ஆண்டு கழித்து, 2013 ஜூலை 16 அன்று, பீகாரின் சரண் மாவட்டத்தில் பூச்சிமருந்து கலந்த எண்ணெயில் சமைத்த மதிய உணவைத் தின்று 23 பிள்ளைகள் இறந்தார்கள். பள்ளிச் சமையலை ஆதரித்து எழுதும் யாரும் இந்த இரண்டு தேதிகளையும் தாண்டிக் குதித்துப் போகக் கூடாது. ஆனால் அவை சொல்வது என்ன? கும்பகோணத்தில் கீற்றுக் கொட்டகை, குறுகிய படி, நெருக்கியடித்த வகுப்புகள்; சமையலறைக்கென்று ஒரு முறையான கட்டடம் இல்லை. பீகாரில் பொருளைச் சோதித்து வாங்கும் ஏற்பாடு இல்லை. சமையலறையைப் பள்ளியின் ஓர் உறுப்பாகக் கருதாமல், மூலையில் ஒதுக்கிவைத்த இடத்தில் நடந்தவை இவை. ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளிக்கு அங்கீகாரம் இல்லை என்கிறோம். சமையல்கூடத்துக்கும் அதே கண்டிப்பு வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை பள்ளிக் கட்டடத்துக்கு வேண்டியவற்றைப் பட்டியலிடும்போது, மதிய உணவு சமைக்கும் சமையலறையையும் சேர்த்தே எழுதியிருக்கிறது. காகிதத்தில் இருப்பது கல்லாக வேண்டும்.

மூன்றாவது மறுப்பு வெளியே சொல்லப்படும்போது ‘எங்கள் வீட்டுப் பழக்கம் வேறு’ என்று வருகிறது. சில பிள்ளைகளுக்கு உண்மையிலேயே ஒவ்வாமை இருக்கும், சைவப் பழக்கம் இருக்கும். அதற்குத்தான் முட்டைக்குப் பதில் வாழைப்பழம் என்ற ஏற்பாடு. ஒரு கூட்டச் சமையலில் இரண்டு வழி வைப்பது கடினமல்ல. ஆனால் அந்த வாசகத்தின் பின்னால் பல நேரம் இருப்பது வேறு. 2018-ல் அவினாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த சமையலர் சமைக்கக் கூடாது என்று ஊர்க்காரர்கள் சிலர் தடுத்தது செய்தியானது. சமையலர் நியமனத்தில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே சொல்லியிருந்தும் இது நடந்தது. இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. ஒரே பானைச் சோற்றைத் தின்று வளர்ந்த பிள்ளைகளிடம் சாதி அழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அழியவில்லை என்பது கண்முன் இருக்கிறது. தனித்தனி டப்பாவில் அது பத்திரமாக இருக்கும் என்பது மட்டும் உறுதி.

கடைசியாக, இது ஏழைகளுக்கான திட்டம், முடிந்தவர்களுக்கு எதற்கு என்ற கேள்வி. ஜப்பானில் பள்ளி மதிய உணவு 1889-ல் யமகதா மாநிலத்தின் சுருஓகா ஊரில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோற்று உருண்டையும் மீனும் ஊறுகாயும் கொடுத்துத்தான் தொடங்கியது. 1954-ல் அதற்கென்று சட்டமே வந்தது. இன்று அங்கே கிட்டத்தட்ட எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுகிறார்கள். பிள்ளைகளே முறைவைத்து வெள்ளைத் துணி அணிந்து பரிமாறுகிறார்கள். சமையல்கூடமும் சம்பளமும் உள்ளாட்சியின் செலவு, பண்டங்களின் விலையைப் பெற்றோர் தருவதே நெடுங்கால ஏற்பாடாக இருந்தது, முடியாதவருக்கு உதவி கிடைத்தது. பின்லாந்து 1948 முதல் எல்லாப் பிள்ளைக்கும் இலவசமாகவே தருகிறது. ஏழைக்கென்று தொடங்கியதை எல்லாருக்கும் என்று ஆக்கிய இடங்களில் அதன் தரம் உயர்ந்தது. கேள்வி கேட்கும் பெற்றோரின் பிள்ளையும் அதே பானையில் சாப்பிடுவதுதான் காரணம் என்பது என் கணிப்பு. நம்மூரிலோ கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளிக்குப் போகும் ஏழைப் பிள்ளை, போன அன்றே தன் மதியச் சோற்றையும் முட்டையையும் இழக்கிறது. சத்துணவு அரசுப் பள்ளிக்கும் அரசு உதவி பெறும் பள்ளிக்கும்தான். நல்ல பள்ளிக்கு அனுப்பியதற்கு அந்தத் தாய் கொடுக்கும் விலைகளில் ஒன்று விடிகாலைச் சமையல்.

தனியார் பள்ளிகளில் கேண்டீன் இல்லையா என்பார்கள். இருக்கிறது, பப்ஸும் குளிர்பானமும் விற்று லாபம் பார்க்கும் கடையாக. கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் விதி செய்ய வேண்டிவந்ததே அதற்கு ஆதாரம். தேவைப்படுவது கடையல்ல, பள்ளி நேரத்துக்குள், வகுப்பைப்போல அட்டவணையில் இடம்பெற்று, எல்லாருக்கும் ஒரே பந்தியாகப் போடப்படும் சாப்பாடு. கட்டணம் வாங்கும் பள்ளி பண்டச் செலவைப் பெற்றோரிடம் வெளிப்படையாக வாங்கிக்கொள்ளலாம். அரசு இடத்தையும் சுத்தத்தையும் சத்தின் அளவையும் விதித்துச் சோதிக்கலாம். 25 சதவீதப் பிள்ளைகளுக்கான பங்கை அரசே கொடுக்கலாம். புதிதாகக் கண்டுபிடிக்க எதுவும் இல்லை. அமைப்பாளர், சமையலர், இருப்புப் பதிவேடு, அளவுக் கணக்கு என்று முழு ஏற்பாடும் 1982 முதல் இந்த மாநிலத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. நீச்சல் குளம் இருக்கிறதா, குளிரூட்டிய வகுப்பறை இருக்கிறதா, ரோபோட்டிக்ஸ் உண்டா என்று சேர்க்கையின்போது விசாரிக்கும் பெற்றோர்களே, அடுத்த கூட்டத்தில் சமையலறை எங்கே என்றும் கேளுங்கள். அப்பாக்கள் கேளுங்கள்.